செல் கடை என்று சேமித்த எண்

மரியே வாழ்க

ஆவூர்
9 ஜூலை 2024

மகள் பாத்திமாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உபதேசியார் காலில் அடிபட்டுக் கிடப்பதால் போன வாரம் நம் அன்பியத்துக் குடும்பங்கள் எல்லாம் கூடிச் சொல்கிற செபமாலையைப் போன் வழியாகவே வைத்தார்கள். நானும் சேர்ந்தேன். போனை ஜன்னல் கம்பியில் சாத்திவிட்டு, என் முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் பல் செட்டைக் கழற்றி, வேப்பங்குச்சியால் சந்து சந்தாகக் குடைந்து கழுவிக்கொண்டிருந்தேன். பாதி செபத்தில் உபதேசியார் நிறுத்தினார். "சந்தனசாமி அண்ணே, பல்லைப் போட்டுக்கங்க. கேமரா ஓடுது" என்றார். முப்பது குடும்பம் பார்த்தது. என் வாயில் இல்லாததை எல்லாம் பார்த்தது.

உன் அம்மா சிரிக்கவில்லை. உனக்கு அடிபட்ட சேதி வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "ஆறுது" என்கிறாள். சுவர்தான் சாப்பிட வேண்டும்.

கை எப்படி இருக்கிறது? கம்பி வைத்திருக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார்கள். இந்தக் கடிதத்தைத் திருச்சியில் அவர்கள் மடத்துக்குத்தான் அனுப்புகிறேன். அங்கிருந்து உன்னிடம் எப்படி வரும், நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கக் கூடாது என்றார்கள். கேட்கவில்லை.

பெனிட்டா பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய போட்டோவை நான் ஸ்டேட்டஸ் வைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று அம்மா சொல்கிறாள். வைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் பேத்தி பிறந்தநாளுக்குத் தாத்தா ஸ்டேட்டஸ் வைக்காவிட்டால் பொழுது விடிந்ததும் நாலு பேர் கூப்பிட்டு, "என்னண்ணே, மகளோட ஏதும் வருத்தமா?" என்று கேட்பார்கள். நீ வீட்டைவிட்டுப் போனதைப் பற்றி ஏற்கெனவே பேச்சு. அதை அடைக்கத்தான் வைத்தேன்.

ஆனால் ஒன்று. ஜெரால்டு பார்க்கக் கூடாது என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நீ காட்டிக்கொடுத்த மாதிரியே உள்ளே போய், 'மாப்பிள்ளை' என்று தேடி, டிக் அடித்து மறைத்துவிட்டுத்தான் வைத்தேன். அவன் எப்படிப் பார்த்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. செல்லில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

பெனிட்டாவுக்கு முத்தம்.

அப்பா


29 ஜூலை 2024

அப்பா,

மேலே ஊர் பெயர் எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல, இங்கே என்னோடு தங்கியிருக்கும் கலைமதி எழுதுகிறாள்.

உங்கள் பல் கதையைப் படித்து அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை. எது நடந்தாலும் ஒரு சிரிப்புக் கதையில் ஆரம்பிப்பது உங்கள் வழக்கம். கண்டக்டர் வேலைக்கு அது சரி.

செல்லில் கோளாறு இல்லை. உங்கள் போனில் ஜெரால்டுக்கு இரண்டு நம்பர் இருக்கிறது. சொந்த நம்பரை 'மாப்பிள்ளை' என்று வைத்திருக்கிறீர்கள். விராலிமலையில் அவர் வைத்திருக்கும் கடையின் நம்பரை 'செல் கடை' என்று வைத்திருக்கிறீர்கள். ரீசார்ஜுக்கும் சந்தேகம் கேட்கவும் அதற்குத்தானே கூப்பிடுவீர்கள்? மாப்பிள்ளையை மறைத்தீர்கள். செல் கடை பார்த்தது.

படத்தில் கேக்குக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி இருந்தது. மூடியில் பேக்கரி பெயர், கரூர், தெருப் பெயர் எல்லாம் அச்சடித்திருந்தது. விரலால் விரித்துப் பார்த்தால் படிக்கலாம். அதை உங்களுக்கு அனுப்பும்போது நானும் கவனிக்கவில்லை. அந்தப் பிழையில் பாதி என்னுடையது. ஆனால் நான் ஒருவருக்கு அனுப்பினேன். நீங்கள் ஊருக்கே காட்டினீர்கள்.

அவர் அந்தத் தெருவில் வந்து காத்திருந்திருக்கிறார். பெனிட்டாவை டியூஷனிலிருந்து கூட்டி வரும்போது ஹெல்மெட்டால் அடித்தார். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தேன். கடைக்காரர்கள் ஓடி வந்து பிடித்தார்கள். அதற்கு முன்பே இரண்டு பேர் வந்துவிட்டார்கள், போனை நீட்டிப் படம் பிடிக்க. "மாமா, போன வச்சிட்டு வாங்க மாமா" என்று பெனிட்டா அவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். அந்தப் படத்தில் அவள் குரலும் இருக்கிறதாம். யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள்.

கேஸ் போட்டாயிற்று. அவர் ஜாமீனில் வந்துவிட்டார்.

கன்னம் வீங்கி நான் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, அவர் என் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார் என்று சொன்னேன். "பார்த்தா பார்த்துட்டுப் போறான். மறைக்க ஒங்கிட்ட என்ன இருக்கு?" என்றீர்கள். மறுநாள் பஸ் ஏற்றிவிட்டீர்கள். சீட் பிடித்துக் கொடுத்தீர்கள்.

இனி போனில் பேச மாட்டேன். உங்கள் போனை வாங்கித் தந்ததும், அதில் எல்லாம் போட்டுத் தந்ததும் அவர்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாத்திமா


மரியே வாழ்க

ஆவூர்
20 ஆகஸ்ட் 2024

பாத்திமாவுக்கு,

இந்தத் தடவை சிரிப்புக் கதை இல்லை.

உன் கடிதத்தைப் படித்த கையோடு போனைத் திறந்து பார்த்தேன். 'செல் கடை' இருந்தது. அதற்கு நேரே அவன் முகம் இல்லை, கடைப் பலகையின் படம். ஐம்பது பேர் நிற்கிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே பிடித்தவன் நான். பலகைக்கு முழி ஏது?

போனை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. வாங்கிப் பார்த்தது.

"ஐயா, இத யாரு செட் பண்ணிக் குடுத்தது?"

"மருமகன்."

"இந்த போன் எங்கிட்டு போகுது, எங்கிட்டு நிக்குதுன்னு அவரு போன்ல தெரியும். தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்களா?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு அதை எடுத்துவிடு தாயி என்றேன். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நல்லது, போட்டோ எல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. பெனிட்டாவின் ஞானஸ்நானப் படம், அவள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் மண்ணைத் தின்ற படம் எல்லாம் அதில்தான் இருந்தன. அழிம்மா என்றேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். இந்த போன் வந்த புதிதில் உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்டால், "எத்தன தடவப்பா சொல்றது?" என்பாய். அவன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து, "இங்கிட்டு ஒரு தட்டு மாமா, இப்ப மேல தள்ளுங்க" என்று சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்கிற மாதிரிச் சொல்வான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதிலிருந்து எனக்கு யாரும் அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தப் பையனா அடிப்பான் என்று நான் நினைத்தது அதனால்தான். உன் வாய்தான் கொஞ்சம் நீளம் என்று நினைத்தேன்.

உன்னை அடித்துவிட்டுக் கை கழுவி வந்து, அதே கையால்தான் என் விரலைப் பிடித்தானோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றினால் சாப்பாடு இறங்குவதில்லை.

'மாப்பிள்ளை', 'செல் கடை' இரண்டையும் தடுத்து வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஊரில் இருக்கிற மற்ற இரண்டு செல் கடைகளையும் தடுத்துவிட்டேன். இப்போது ரீசார்ஜ் செய்ய ஆளில்லை.

அப்பா


18 டிசம்பர் 2024

அப்பா,

இது என் கையெழுத்து. கோணலாக இருக்கும். கம்பி எடுத்த பிறகு விரல்கள் மடங்குகின்றன, கட்டைவிரல் மட்டும் சொல் கேட்பதில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. "உன் வாய்தான் நீளம் என்று நினைத்தேன்" என்ற வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதும் நல்லதுதான். எனக்கே தெரியவில்லை.

"எத்தன தடவப்பா சொல்றது?" என்று நான் கேட்டது உண்மை. அந்த நாட்களில் நான் யாருக்கு எத்தனை நிமிடம் போன் பேசினேன் என்று ஒவ்வொரு மாலையும் அவர் கணக்குக் கேட்பார். உங்களோடு அதிகம் பேசினால், இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொடுத்தாய், என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்பார். அதனால் சீக்கிரம் வைத்தேன். பொறுமை இல்லாமல் வைக்கவில்லை.

பெனிட்டா நன்றாகப் படிக்கிறாள். யாராவது போனைத் தூக்கினால் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறாள். கடைத்தெருவில் யாரோ தன் பாட்டுக்கு போன் பேசிக்கொண்டு போனாலும் அப்படித்தான். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளைக்கு முகம் இல்லை. இன்னொரு தடவை எடுக்கலாம் என்று டீச்சர் சொன்னார்கள். வேண்டாம் டீச்சர், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

தாத்தாவின் பல் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம், "அதையும் யாராச்சும் படம் புடிச்சாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அவளுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். கூட்டெழுத்தில் எழுதாமல் தனித்தனியாக எழுதினால் அவளே படிப்பாள். கிறிஸ்மசுக்கு அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வீர்களோ.

பாத்திமா


மரியே வாழ்க

ஆவூர்
22 ஜனவரி 2025

பாத்திமாவுக்கு,

பெனிட்டாவுக்குத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒரு விரல் இடம் விட்டு எழுதியதில் நாலு வரிக்கே தாள் தீர்ந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "என்ன மாமா, கிறிஸ்மசுக்குக் கூட பேத்தி போட்டோ ஒண்ணும் காணோம்?" நான் கன்றுக்குட்டியை ஸ்டேட்டஸ் வைத்தேன். ஐம்பது பேர் இதயம் போட்டார்கள். உன் சித்தப்பா அதற்கு மேலே, 'தாத்தா ஜாடை' என்று எழுதினான். கன்றுக்குட்டியின் பின்னால் பஞ்சாயத்து போர்டு பலகை தெரிகிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். கன்றுக்குட்டியைத் தேடி யாரும் வரப் போவதில்லை. பழக்கம்தான்.

உன் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். பத்து நாளாகத்தான். சுவர் விடுதலை ஆனது.

அதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆள் வந்துவிட்டுப் போனான். அதை இப்போது எழுத வரவில்லை.

கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அப்பா


6 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

வந்த ஆள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா மறைக்கவில்லை. சிஸ்டர் ஆவூருக்கு வந்தபோது அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். ஜெரால்டு நம் வீட்டுக்கு வந்தாராம். காலில் விழுந்தாராம். நான் இருக்கிற இடத்தைக் கேட்டாராம். நீங்கள் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். அழுகிறவர்களைக் கண்டால் உங்களுக்கு மனம் இளகிவிடும் என்று பயந்து அம்மா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாராம். "அந்த மனுசன் அசையல சிஸ்டர்" என்று சொல்லி அழுதாராம்.

அதைக் கேட்டு நானும் அழுதேன். நான் உங்களை நம்பி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

மே 11 ஞாயிற்றுக்கிழமை பெனிட்டாவுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். மெழுகுதிரியோடு பீடம் வரை தாத்தாதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறாள். இங்கே எங்களுக்கு என்று யாரும் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு நிறையச் சொந்தம் வரும்.

நீங்களும் அம்மாவும் வாருங்கள். இனிமேல் மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் ஊர், தெரு, பஸ் எல்லாம் எழுதுகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அது போதும்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

பாத்திமா


மரியே வாழ்க

ஆவூர்
16 ஏப்ரல் 2025

அன்பு மகள் பாத்திமாவுக்கு,

முகவரி எழுதாதே. ஏற்கெனவே எழுதி சிஸ்டரிடம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக் கிழித்துவிடு. காரணத்தைப் படித்த பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அவன் வந்தது பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, மாடு அவிழ்த்துவிடுகிற நேரம். இளைத்திருந்தான். என் போனுக்கு மேலே ஒட்டுகிற கண்ணாடி ஒன்று வாங்கி வந்திருந்தான். உட்காரு என்று நான் சொல்லவில்லை, அவனாகவே உட்கார்ந்தான்.

"போன அழிச்சிட்டீங்க போல மாமா" என்றான்.

அது எப்படித் தெரியும் என்று நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது. கடன் கேட்டு வந்தவனிடம் பையைப் பூட்டிக் காட்டிய மாதிரி இருந்தது. அவன் கையை நீட்டினான், போனைக் கொடுத்துவிட்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், கை தானாகக் கொடுத்துவிட்டது. "சத்தம் கம்மியா கேக்குதுன்னு சொல்வீங்களே" என்று சட்டையிலிருந்து ஊசியை எடுத்து அந்தச் சின்ன ஓட்டைகளில் இருந்த அழுக்கை எல்லாம் குத்திக் குத்தி எடுத்தான். பழைய மாதிரியே, பொறுமையாக. பழைய கண்ணாடியை உரித்துப் புதிதை ஒட்டினான். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான். அதற்கப்புறம்தான் அழுதான்.

"மாமா, புள்ளய ஒரே ஒரு தடவ. பக்கத்துல போக மாட்டேன். ரோட்டுக்கு அங்கிட்டு நின்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"எனக்குத் தெரியாது மாப்ள."

"பெத்த அப்பனுக்குத் தெரியாம இருக்குமா மாமா?"

"சேசு மேல ஆணையாத் தெரியாது."

காலில் விழுந்தான். நெற்றி என் பாதத்தில் பட்டது, சூடாக இருந்தது. குனிந்து தூக்கினேன். துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். இதை உன் அம்மா பார்க்கவில்லை, அவள் இருந்த இடத்திலிருந்து என் முதுகுதான் தெரியும். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். நான் பஸ்ஸில் பார்ப்பேனே, அந்த மாதிரி. "நம்புறேன் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

உன் அம்மா வெளியே வந்தாள். "இம்புட்டு நாள்ல இன்னைக்குத்தான் பெத்தவனா நடந்துக்கிட்டீங்க" என்றாள். ஏழு மாதத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அன்றைக்கு அயிரை மீன் குழம்பு வைத்தாள். என் முகத்தைப் பார்த்துப் பரிமாறினாள். நான் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து, நல்லா உறுதியா நின்னீங்கய்யா என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது நீ புதுநன்மைக்குக் கூப்பிட்டிருக்கிறாய். இதை மட்டும் வாங்க முடியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக்கொள். சிஸ்டர் வந்து கையோடு அழைத்துப் போகட்டும். போகிற ஊரின் பெயரைத் திரும்பி வந்தாலும் என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிடு. அவள் சொல்ல மாட்டாள், அதில் உன்னைப் போல. பெனிட்டாவிடம் தாத்தாவுக்கு முழங்கால் வலி என்று சொல். மெழுகுதிரியை நீயே பிடித்துக்கொண்டு கூட்டிப் போ. இடது கையில் பிடி. கவுன் துணி மிச்சம் இருந்தால் ஒரு துண்டு அனுப்பு. போட்டோ வேண்டாம்.

நான் கல்நெஞ்சனாக நின்றேன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். நான் நிற்கவில்லை, பாத்திமா. தெரியாது என்றது உண்மை, அவ்வளவுதான். இதற்கு மேல் உள்ளதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டும் சாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு உன் ஊர் தெரிந்திருந்தால், சொல்லியிருப்பேன்.